மிளகரணைக் கீறல்

மிளகரணை காட்டில் தானாக முளைக்கிற முள். அதைக் கொண்டுவந்து வீட்டில் வைத்து, தண்ணீர் காட்டி, கொடி கொடியாக வளைத்துக் கட்டி வளர்த்தவள் அந்தக் காலனியிலேயே மெர்சி ஒருத்திதான்.

"ஊர்ல ரோஜா வைப்பாங்க, மல்லி வைப்பாங்க. இவ முள்ள நட்டு தண்ணி ஊத்திக்கினு கீறா" என்று பக்கத்து வீட்டு கிரேஸ் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். மெர்சி முள் நட்ட காரணம் கிரேஸுக்கும் தெரியும்.

கவரைப்பேட்டை தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய காலனி அது. அப்பன் பாட்டன் காலத்தில் எல்லாரும் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது ஆணும் பெண்ணும் கம்பெனிக்குப் போகிறார்கள். மெர்சியின் புருஷன் ஸ்டீபன் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறான். அவன் தம்பி பென்னி அதே ஆலையில் தீயால் இரும்பை அறுக்கிற கேஸ் கட்டர். மெர்சி ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் சாயங்கால ஷிப்டு. வீட்டில் நாலு பேர் சம்பாதித்தும் குளிக்கிற இடம் மட்டும் கொல்லைப்புறத்தில் மூன்று தகரமும் ஒரு பழைய புடவையும்தான்.

நாலாவது ஆள் ஜெனிபர், மெர்சியின் தங்கை. வயது இருபது. செல்போன் பாகம் பூட்டுகிற வேலை கிடைத்து இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா வீட்டுக்கு வந்தாள். வந்த மாதமே தகரத்துக்குப் பின்னால் ஈர மண்ணில் செருப்புத் தடம் கிடந்தது. எவனோ நின்று பார்த்திருக்கிறான். செங்கல் சுவர் வைக்கலாம் என்று ஸ்டீபன் சொன்னான். பொங்கலுக்கு என்றான், பிறகு ஈஸ்டருக்கு என்றான். அந்தச் சமயத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடங்கு கட்ட முள்காட்டை ஜேசிபி வைத்து வழித்துக்கொண்டிருந்தார்கள். மெர்சி போய், வேரோடு புரண்டு கிடந்த மிளகரணையில் நாலு துண்டு வெட்டி எடுத்து வந்து தகரத்தைச் சுற்றி நட்டாள்.

குளிக்கிற தண்ணீர் முழுக்க அதற்குத்தான் போனது. இளங்கொடியை வளைத்துக் கம்பத்தில் புடவைக் கிழிசலால் கட்டுவாள். தரையில் படுகிற கொடியின் மேல் ஒரு கை மண் போடுவாள். அது அங்கேயே வேர் பிடிக்கும். இரண்டு மழைக்காலம் போனதும் தகரத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் புதராகிவிட்டது. மூன்று மூன்று இலை. இலையின் அடி நரம்பில்கூட முள் இருக்கும். எல்லாம் கொக்கி போலக் கீழ்நோக்கி வளைந்த முள். உள்ளே கை போனால் போகும். வெளியே இழுத்தால்தான் கிழிக்கும். இழுக்காமல் இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தால் தானாகவே விட்டுவிடும். ஆனால் மாட்டினவன் எவன்தான் உள்ளே கொடுப்பான்?

முள்தான் அப்படி, வாசனை வேறு மாதிரி. இலையைக் கசக்கினால் எலுமிச்சைத் தோலையும் மிளகையும் சேர்த்து இடித்தது போல மூக்கில் ஏறும். துணியில் பட்டால் துவைத்தாலொழியப் போகாது. பச்சைக் காயைப் பறித்துக் காயவைத்து இடித்து மெர்சி மீன் குழம்பில் போடுவாள். ஆலைப் புகையின் கரித்தூள் எல்லா இலை மேலும் படியும். அதையும் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கழுவுவாள். ஜெனிபர் பயமில்லாமல் குளித்தாள். மெர்சிக்கு அது போதும்.

அந்த வெள்ளிக்கிழமை மெர்சிக்கு சாயங்கால ஷிப்டு. பகல் பதினோரு மணிக்கு வீட்டில் தனியாக இருந்தாள். பின்பக்கம் யாரோ நிற்பது தெரிந்து, கையில் கிடைத்த துடைப்பத்தோடு போனாள். காலனிக்குப் பின்னால் வடநாட்டு ஆட்கள் தங்குகிற லைன் வீடு இருக்கிறது. அங்கே மெஸ்ஸில் சமைக்கிற கமல் நின்றுகொண்டிருந்தான். மலைநாட்டுக்காரன், நேபாளத்துப் பக்கம். தலையில் கோஸ் மூட்டை. வேலிக்கு வெளியே நீட்டியிருந்த ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தான்.

"இன்னா வோணும்?" என்றாள் மெர்சி.

அவன் துடைப்பத்தைப் பார்த்து இரண்டடி பின்னால் போனான். அவன் ஊரிலும் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு முள்செடி உண்டாம். திமுர் என்று பெயராம். அதன் காயை அரைத்துத் தக்காளிச் சட்னியில் போடுவார்களாம். பாதி தமிழ், பாதி கையாட்டல். "நாக்குல கரண்டு அடிக்கும் அக்கா" என்று சொல்லி நாக்கை நீட்டித் தட்டிக் காட்டினான். மெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வந்து காய் பறித்துக்கொள்ளச் சொன்னாள்.

மூட்டையை இறக்கிவிட்டு, ஆசையில் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டான். மாட்டிக்கொண்டதும் இழுத்தான். எல்லாரும் செய்கிற தப்பு. இரண்டு முன்னங்கையிலும் நீள நீளமாகக் கீறி ரத்தம் வழிந்தது. மெர்சி போய் அவன் கையை உள்ளே தள்ளித்தான் விடுவித்தாள். அதில் அவளுடைய இடது கையிலும் ஒரு நீளக் கீறல். அவன் கைக்குட்டை நிறையக் காய் கட்டிக்கொண்டு, கீறலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். மெர்சி இதை யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் ஷேர் ஆட்டோக்காரன் ஏதோ சொல்லி அவள் சிரித்ததை ஸ்டீபன் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலம் அவள் காது சவ்வு கிழிய அறைந்திருந்தான். சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஆராதனை. ஏழரைக்கு ஜெனிபர் குளிக்கப் போனாள். மெர்சி தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அலறல் கேட்டது. கரண்டியோடு ஓடினாள். ஜெனிபர் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, இலைகளுக்கு நடுவே ஒரு செல்போன் நீட்டிக்கொண்டிருந்தது என்றாள். போனைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மெர்சி பின்பக்கம் சுற்றி வந்து பார்த்தாள். மார்பு உயரத்தில் புதர் பிளந்திருந்தது. இரண்டு கொடி முறிந்து தொங்கியது. காலடியில் இலை நசுங்கிக் கிடந்தது. ஆள் இல்லை. பிளவை விலக்கிப் பார்த்தபோது அவள் இடது கையில் புதிதாக ஒரு முள் இழுத்து ரத்தம் துளிர்த்தது.

தெரு கூடிவிட்டது. ஸ்டீபன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டினான். பென்னி அப்போதுதான் இட்லி பொட்டலத்தோடு பைக்கில் வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டதும் பொட்டலத்தைத் தரையில் வீசினான். யோசனை சொன்னவனும் அவன்தான்.

"அண்ணி வச்ச முள்ளு சும்மா உடுமா? எவன் உள்ள பூந்தானோ அவன் கைய கிழிச்சிருக்கும். ஒருத்தன் பாக்கி இல்லாம கைய காட்டட்டும்."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. குழாயடியில் ஆண்கள் வரிசையாக நின்று சட்டைக் கையை மடக்கினார்கள். கோயிலுக்குக் கிளம்பின வெள்ளைச் சட்டைகள். முதலில் பென்னிதான் காட்டினான். உரித்த வாழைத்தண்டு போலச் சுத்தமான கை. கிழவர்கள்கூடக் காட்டினார்கள். யார் கையிலும் ஒன்றும் இல்லை. நம்ம ஆள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் கூட்டத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. அப்படியானால் லைன் வீடு என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று பிறகு யாருக்கும் நினைவில்லை.

பாதி வழியில்தான் மெர்சிக்கு கமலின் கை நினைவுக்கு வந்தது. அங்கே போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொல்லப் போகிற வார்த்தையை உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

லைன் வீட்டில் பதினோரு பேர் இருந்தார்கள். ஞாயிறு என்பதால் சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இழுத்து வெளியே போட்டார்கள். கமல் மெஸ்ஸில் அண்டா முன்னால் நின்றிருந்தான். கையை நீட்டு என்றதும் மாவு ஒட்டின கையை நீட்டினான். முழங்கை வரை கீறல். பத்துப் பதினைந்து இருக்கும்.

முதல் அடி ஸ்டீபனுடையது. கமல் அண்டா மேல் சாய்ந்தான். கொதிக்கிற பருப்பு அவன் தொடையில் கொட்டியது. அவன் கத்தின கத்தல் மனிதக் குரல் மாதிரி இல்லை. தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார்கள். அவன் கூட்டத்தில் தேடினான். மெர்சியைக் கண்டுபிடித்தான்.

"அக்கா. அக்கா குடுத்தாங்க. காய் குடுத்தாங்க. அக்காவ கேளு."

எல்லாத் தலையும் திரும்பியது. ஸ்டீபன் அவள் முன்னால் வந்து நின்றான். அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது.

"இவன நீ ஊட்டுக்குள்ள கூப்ட்டியா?"

உதட்டுக்குள் வைத்திருந்த வார்த்தை அங்கேயே இருந்தது. அவள் தலை மட்டும் இல்லை என்று ஆடியது. பிறகு வாயும் சொன்னது. "இல்ல. எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு நடந்ததை அடி என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் அவன் கையை விரித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் முறை வைத்தது போல வந்து போனார்கள். கட்டடத்துக்கு வாங்கிப் போட்டிருந்த கம்பித் துண்டு, சைக்கிள் செயின், கிரிக்கெட் ஸ்டம்ப். தோள்பட்டையில் ஏதோ உடைந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் அது. இரண்டு பல் மண்ணில் விழுந்தன. தடுக்க வந்த இன்னொரு வடநாட்டுப் பையனின் தலையில் கதவுத் தாழ்ப்பாளால் அடித்தார்கள். அவன் சுவரோரம் உட்கார்ந்து, விரல் வழியே இறங்குகிற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோயில் மணி அடித்தது. யாரும் போகவில்லை.

மெர்சி முன்னால் நகர்ந்தாள். ஏன் நகர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பென்னி குறுக்கே வந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"நீங்க போங்க அண்ணி. பொம்பளைங்க பாக்கற விஷயம் இல்ல இது."

அவன் குனிந்தபோது கழுத்துப் பட்டையிலிருந்து அந்த வாசனை வந்தது. எலுமிச்சைத் தோல், மிளகு. தலைமுடியிலும் இருந்தது. அது ஓர் இலையைத் தொட்ட வாசனை இல்லை; புதரைப் பிளந்து, நசுங்கின இலையை ஒட்டி நின்றவனின் வாசனை. மெர்சி இரண்டு வருஷமாகத் தன் ரவிக்கையிலும் கூந்தலிலும் முகர்ந்த வாசனை. அவன் கையைப் பார்த்தாள். சுத்தமான கை. கேஸ் கட்டர்கள் முழங்கை வரை போடுகிற தோல் கிளவுஸ் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அவள்தான் வெயிலில் உலர்த்துவாள். இன்று துணி உலர்த்துகிற கொடியில் அது இல்லை.

ஜெனிபர் கிரேஸ் வீட்டு வாசலில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். மெர்சி ஓடிப் போய் அவள் காதில் சொன்னாள். பென்னி பைக்கின் பக்கப் பெட்டியில் கிளவுஸ் இருக்கிறதா பார். பூட்டியிருந்தால் உடை. ஜெனிபர் உடனே எழுந்து போனாள்.

மெர்சி திரும்பி வருவதற்குள் காலனிப் பையன்கள் அவள் புதரையே வெட்டி, கட்டுக் கட்டாகத் தூக்கி வந்திருந்தார்கள். முள்ளுக்கு அவ்வளவு ஆசைப்பட்டான் அல்லவா, முள்ளாலேயே பூசை வைக்கலாம் என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். கமலின் சட்டையைக் கிழித்துவிட்டு முதுகில் மிளகரணைக் கொடியால் அடித்தார்கள். ஓங்கும்போது சத்தமில்லை. இழுக்கும்போதுதான் கிழித்தது. ஒவ்வொரு கொக்கியும் ஒரு துணுக்குத் தோலோடு வந்தது. கொடி அவன் முகத்தில் சுற்றி, இழுத்தபோது இடது கண் மூடிக்கொண்டது. மூடின இமைக்கு அடியிலிருந்து ரத்தமும் வேறு ஏதோ தண்ணீரும் சேர்ந்து வந்தது. அந்த இடம் முழுக்க எலுமிச்சை வாசனை நிறைந்திருந்தது.

மெர்சி ஸ்டீபனின் கையைப் பிடித்தாள். பென்னி மேல் இலை வாசனை அடிக்கிறது, அவனைக் கேள் என்றாள்.

"ஊரே அப்பிடித்தாம்மே நாறுது" என்று அவன் உதறினான். "தம்பி மேல பழி போடறியா? யாருக்காக?"

உண்மைதான். இப்போது எல்லார் மேலும் அந்த வாசனை அடித்தது. அவளுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. ஓங்கின கொடி ஒன்று அவள் கன்னத்தில் பட்டுக் கிழிக்க, அவள் நடுவில் போய் கமலுக்கு முன்னால் நின்றாள்.

"வெள்ளிக்கெழம நாந்தான் இவன உள்ள கூப்ட்டேன்" என்றாள். "காய் பறிச்சிக்கச் சொன்னேன். ஊட்ல யாரும் இல்ல. நானும் அவனும்தான்."

கூட்டம் ஒரு கணம் நின்றது. பிறகு ஸ்டீபன் அறைந்தான். அவள் விழுந்து எழுந்தாள். மறுபடி அறைந்தான். மறுபடியும் எழுந்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கூட்டத்திலிருந்து கிரேஸ் அந்த வார்த்தையைச் சொன்னாள், பெண்களுக்கென்றே வைத்திருக்கிற வார்த்தை.

"அடிச்சிட்டு பாரு" என்று மெர்சி தன் இடது கையை நீட்டினாள். "இது வெள்ளிக்கெழம கிழிச்சது. கறுத்து பொருக்கு கட்டிக்கினு கீது. இது இன்னிக்கு காலைல கிழிச்சது. செவப்பா கீது, இன்னும் காயல. இப்ப அவன் முன்னங்கைய பாரு. எல்லாம் கறுப்பு. ரெண்டு நாள் கீறலு. இன்னிக்கு பூந்தவன் கையில எப்படி ரெண்டு நாள் கீறலு வரும்?"

முன்வரிசையில் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். கமலின் முதுகெல்லாம் சிவந்து கொழகொழத்திருந்தது. பிடித்துக்கொண்டிருந்த முன்னங்கைகளில் மட்டும் பொருக்குத் தட்டின கறுப்புக் கோடுகள். பிடித்திருந்த இரண்டு பேரும் கையை விட்டார்கள். கமல் முகம் தரையில் பட விழுந்தான்.

அப்போதுதான் ஜெனிபர் வந்தாள். பெட்டியை உடைத்ததில் விரல் நகம் பெயர்ந்திருந்தது. தோல் கிளவுஸ் இரண்டையும் ஸ்டீபனின் காலடியில் போட்டாள். தோல் முழுக்க ஒடிந்த முள். மடிப்பில் மூவிலை ஒன்று நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மாமாவைப் பார்க்காமல் பென்னியைப் பார்த்துப் பேசினாள்.

"போன குடு."

பென்னி போனைக் கையில் இறுக்கிக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். அண்ணா, இது போன வாரம் என்று ஆரம்பித்தான். ஸ்டீபன் குனிந்து கிளவுஸை எடுத்து முகர்ந்தான். பிறகு ஏற்கெனவே கையில் இருந்த கம்பியை ஓங்கினான். முதல் அடி பென்னியின் மணிக்கட்டில். எலும்பு தோலுக்கு வெளியே வெள்ளையாக எட்டிப் பார்த்தது. போன் தெறித்து விழுந்தது. ஜெனிபர் அதை எடுத்துக்கொண்டாள். அடுத்த அடி முழங்காலில். காலையில் பென்னி சொன்னபடி கையைக் காட்டின அத்தனை பேரும் இப்போது அவன் மேல் பாய்ந்தார்கள். அதே செயின், அதே ஸ்டம்ப், அதே மிளகரணைக் கொடி. "நைனா, நைனா" என்று செத்துப்போன அப்பனைக் கூப்பிட்டு பென்னி அலறினான். மெர்சி அவனுக்காக நகரவில்லை. கமலின் தலையை மடியில் எடுத்து வைத்து, கன்னத்தில் சிக்கியிருந்த கொடியை இழுக்காமல், உள்ளே தள்ளித் தள்ளி ஒவ்வொரு முள்ளாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வந்தது. இரண்டு ஆம்புலன்ஸ் வந்தது. ஒன்றில் பென்னியையும், தலையில் அடிபட்ட பையனையும் ஏற்றினார்கள். மற்றதில் கமலை ஏற்றிவிட்டு, கூட யார் வருகிறீர்கள் என்று ஊழியர் கேட்டார். லைன் வீட்டு ஆட்களை ஏட்டு ஒருபக்கம் உட்காரவைத்திருந்தார். காலனியில் யாரும் அசையவில்லை. ஏட்டு நோட்டை விரித்துக்கொண்டு மெர்சியிடம் வந்தார். புருஷன் இல்லாத நேரத்தில் இந்த ஆளை நீ வீட்டுக்குள் கூப்பிட்டது உண்மையா என்று, எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

"உண்மைதான்" என்றாள் மெர்சி. "மொதல்ல கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். அதையும் எழுதிக்கோங்க சார்."

ஸ்டீபன் ரத்தம் உறைந்த கம்பியோடு ஓரமாக நின்றிருந்தான். அவள் வண்டிப் படியில் கால் வைத்தபோது, ஏறினால் இனி ஊட்டுப் பக்கம் வராதே என்றான். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். மெர்சி ஜெனிபரைப் பார்த்தாள். ஜெனிபர் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அக்காவுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி ரயில்வே கேட்டில் நின்றது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. ஊழியர் குளுக்கோஸ் பாட்டிலை மெர்சியிடம் கொடுத்து, உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். கமலின் வலது கண் திறந்தது. கூரையைப் பார்த்தது, பாட்டிலைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது.

"தம்பி, மன்னிச்சிடு" என்றாள். "மொதல்லியே சொல்லியிருக்கணும்."

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. உடைந்த தோளோடு, மெதுவாக, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கேட் திறக்க வெகுநேரம் ஆனது. கை வலிக்க வலிக்க, மெர்சி பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றாள்.